மீட்டரை மட்டும் பார்த்து பழைய பைக் வாங்காதீர்கள்

"18,000 கிலோமீட்டர்தான்ணே ஓடியிருக்கு, அதுக்குள்ள எப்படி இன்ஜின் வேலை வரும்?"

பழைய பைக் வாங்கிய கையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் தம்பிகள் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியாக வந்தது 2014 மாடல், 150 சிசி. டேங்குக்குப் புதுப் பெயின்ட், சீட்டுக்குப் புதுக் கவர், கால் வைக்கும் ரப்பர்கூடப் புதுசு. மீட்டரில் 18,000. ஆனால் செயின் ஓடும் பின் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லெல்லாம் தேய்ந்து கொக்கியாக வளைந்திருக்கிறது. முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விரலை வைத்தால் நகம் மாட்டுகிறது. இன்ஜின் ஹெட்டைக் கழற்றினால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர், முழுக்கக் கீறல். ஆயில் கறுத்துக் கெட்டியாகி, வடிவதற்கே நேரம் பிடித்தது. ரீபோர், பிஸ்டன் கிட், டைமிங் செயின் என்று போட்டு முடிப்பதற்குள், பேரம் பேசி மிச்சம் பிடித்த பணம் போனதோடு கைக்காசும் போனது. இதே தம்பி அதே வாரம் 62,000 ஓடிய ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்திருக்கிறார். ஒரே ஓனர், சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தாராம். "ரொம்ப ஓடிடுச்சுண்ணே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வருஷத்தில் 18,000 என்றால் நாளுக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வராது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய் வந்தாலே நாளுக்கு 30 தாண்டிவிடும். அப்படியானால் மீட்டர் பொய் சொல்கிறது, இல்லையென்றால் வண்டி பெரும்பாலும் நின்றே கிடந்திருக்கிறது.

மீட்டர் பொய் சொல்வது பெரிய வித்தையே இல்லை. பழைய வண்டிகளில் முன் சக்கரத்திலிருந்து வரும் ஸ்பீடோ கேபிள் அறுந்தால் கிலோமீட்டர் அப்படியே நிற்கும். அறுந்த கேபிளை மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மூரில் ஏராளம். பழைய மீட்டர் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ஓடிய வண்டி 12,000 என்று அப்பாவியாகக் காட்டும். டிஜிட்டல் மீட்டரையாவது நம்பலாமா என்றால், விபத்தில் உடைந்து புது மீட்டர் மாட்டினாலே எண் முதலிலிருந்துதான். வேண்டுமென்றே எண்ணை மாற்றிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த எண் உண்மையாகவே இருந்தாலும், "ஓடாத வண்டி புது வண்டி" என்ற நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓடாமல் நின்ற வண்டியில் என்னென்ன நடக்கும் தெரியுமா? டயர் ரப்பர் இறுகி, பக்கச் சுவரில் வெடிப்பு விடும். டயர் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) இருக்கும், ஆனால் மழையில் பிடிக்காது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்துவிடும். நீங்கள் வாங்கி முதல் வேகத்தடையில் ஏற்றும்போது கசியத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டேங்க்கின் உள்ளே துரு. கார்புரேட்டர் ஜெட்டில் பெட்ரோல் காய்ந்து பிசினாக ஒட்டிக்கொள்ளும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. அது தண்ணீரை இழுக்கும் சரக்கு. பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு நல்லதே இல்லை. வீட்டிலிருந்து கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போகும் வண்டியில் இன்ஜின் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறார்கள். உள்ளே சேரும் ஈரம் ஆவியாக வழியில்லாமல் ஆயிலோடு கலக்கும். இன்ஜின் அதிகம் தேய்வது ஸ்டார்ட் செய்யும் நேரத்திலும் சூடேறும்வரையிலும்தான். தினமும் 40 கிலோமீட்டர் ஒரே சீராக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடிய வண்டிக்கு அந்தத் தேய்மானம் நாளுக்கு இரண்டு முறை. நாலு கிலோமீட்டருக்கு ஆறு தடவை ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு?

வெள்ளம் இன்னொரு கதை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனை வண்டிகள் ஹேண்டில்பார் வரை முங்கின. அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி. வெள்ளத்தில் முங்கியதை மீட்டர் காட்டாது. ஹெட்லைட் கூட்டுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் வயரிங் சாக்கெட்டுகளிலும் காய்ந்த வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்காக அதிகம் ஓடிய வண்டியெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. சாப்பாடு டெலிவரிக்கு ஓடிய வண்டி இரண்டு வருஷத்தில் 70,000 தொட்டிருக்கும்; சிக்னலுக்குச் சிக்னல் பிரேக்கும் கிளட்சும், ஆயில் மாற்ற நேரமே கிடைத்திருக்காது. அதைத் தொடாதீர்கள். அதே 70,000 ஹைவேயில், வேளாவேளைக்கு ஆயில் மாற்றி ஓடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு என்றில்லை, கண்ணைத் திறந்துகொண்டே வாங்கலாம். 100 சிசி ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகள் இன்ஜினைப் பிரிக்காமலே லட்சம் தாண்டுவது எங்களுக்கு அதிசயமில்லை.

"நல்லா மெயின்டெய்ன் பண்ணின வண்டி" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். வாராவாரம் வாட்டர் வாஷும் பாலிஷும் மெயின்டனன்ஸ் இல்லை தம்பி. அந்த பிரஷர் தண்ணீர் வீல் பேரிங்குக்குள் போய் செய்யும் வேலை எனக்குத்தான் தெரியும். பில் காட்டச் சொல்லுங்கள். 60,000 ஓடியிருந்தால் செயின் செட் குறைந்தது இரண்டு தடவையாவது மாறியிருக்க வேண்டும். கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), கிளட்ச் பிளேட், பிரேக், டயர், பேட்டரி எல்லாம் ஒரு சுற்று வந்திருக்கும். மாற்றியிருந்தால் அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம். மாற்றவில்லையென்றால் அதை விலையில் கழியுங்கள். அதிக ஓட்டத்துக்கு அவ்வளவுதான் அர்த்தம். பில் இல்லையா, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லி, அங்கே கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று ஓனரை விட்டே கேட்கச் சொல்லுங்கள். 2019இல் 41,000 என்று பதிவாகியிருக்கும் வண்டி இன்று 18,000 காட்டினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

"இன்ஜின் கை வைக்காத வண்டி" என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். வேலை செய்ய வேண்டிய நேரத்தில் கை வைக்காததும் அதில் அடக்கம். நல்ல லேத்தில் போர் அடித்து, ஒரிஜினல் கிட் போட்டு, பில்லோடு இருக்கும் இன்ஜினைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பார்க்கப் போகும்போது, "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே சொல்லுங்கள். போனதும் இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் ஃபின்னைத் தொடுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஆறிய இன்ஜினில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையும், பின்னால் நீலப் புகை வருகிறதா என்பதையும் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் பிடித்து இழுங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்கு விலகினால் செட் முடிந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன் செட் போய்விட்டது. ஓட்டும்போது டாப் கியரில் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையா, கிளட்ச். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 3516 என்றால் 2016ஆம் வருஷம் 35ஆவது வாரம். மீட்டர் 8,000 காட்டுகிற வண்டியில் டயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

தெரிந்த மெக்கானிக் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். வாங்கிய பிறகு கொண்டுவந்து நிறுத்தினால் நாங்கள் எஸ்டிமேட்தான் போட முடியும்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 15 வருஷம் நெருங்கும் வண்டி என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் வேலையையும் விலையில் சேருங்கள். ஃபைனான்ஸில் எடுத்த வண்டியா, கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் ஃபார்ம் 35உம் கையில் வராமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து. விற்கிறவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் மறந்தாலும் நீங்கள் விடாதீர்கள். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.