பை யாருடையது?

மேல்முறையீட்டுக் கட்டு கைக்கு வந்ததும் நான் தீர்ப்பைப் பிரிப்பதில்லை, மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பதிவைத் தேடுவேன். பொருள் எங்கே, யாருக்குப் பக்கத்தில் இருந்தது என்பது அதில்தான் இருக்கும்.

ஒரு கஞ்சா வழக்கு. 22 கிலோ. "இருக்கைக்கு மேலுள்ள தட்டிலிருந்து பையைக் கைப்பற்றினோம்" என்று மகஜரில் ஒரே வரி. பேருந்து நிறையப் பயணிகள். பைக்குள் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் சட்டையோ அடையாள அட்டையோ இல்லை. பயணச்சீட்டு பதிவாகவில்லை. பக்கத்து இருக்கைக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் 10 ஆண்டு தண்டனை.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35, 54 பிரிவுகள் எதிரிக்கு எதிராக அனுமானம் செய்ய இடம் தருகின்றன. சரி. ஆனால் பொருள் அவர் வசம் இருந்தது என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும், அனுமானம் அதற்கு அப்புறம்தான். 2008-இல் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. தலைக்கு மேல் பை இருந்தது என்பது மட்டும் போதாது. அது தன்னுடைய பை, உள்ளே இருப்பது இன்னது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே கட்டில் என்னை அதிகம் உறுத்தியது இன்னொரு வரி. புலன் விசாரணை அதிகாரி நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்ட முதல் விசாரணையில், "எதிரி மீது ஏற்கெனவே இரண்டு வழக்குகள் உள்ளன" என்கிறார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. தீர்ப்பில் அது "இதையே தொழிலாகக் கொண்டவர்" என்று வளர்ந்து நிற்கிறது! பை யாருடையது என்ற ஓட்டையை அடைத்தது அந்த வாக்கியம்தான். எதிரி தன் நன்னடத்தைக்குச் சாட்சியம் கொண்டுவராதவரை, பழைய கெட்ட நடத்தை சாட்சியமாகப் பொருத்தமற்றது. பழைய சாட்சியச் சட்டத்தில் 54-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 49.

விசாரணை நடத்தும் இளம் வழக்கறிஞர்களே, அந்த நிமிடமே எழுந்து ஆட்சேபியுங்கள், பதிவும் செய்யச் சொல்லுங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 50-ஆவது பிரிவிலேயே முழு பலத்தையும் செலவழிக்காதீர்கள். அது உடல் சோதனைக்குத்தான், பைக்குப் பொருந்தாது என்று 2005-இலேயே பவன் குமார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அதிகாரியிடம் அதே சட்டத்தின் 67-ஆவது பிரிவில் கொடுத்ததாகச் சொல்லும் ஒப்புதல் வாக்குமூலமும் 2020-இன் தூஃபான் சிங் தீர்ப்புக்குப் பிறகு செல்லாது.

குடும்பத்தினருக்கும் ஒன்று. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள். தீர்ப்பு நகலோடு மகஜர், சாட்சிகளின் வாக்குமூல நகல்களையும் வாங்கி வாருங்கள்.