ஸ்ட்ராடிவாரியஸ்: ஆளின் பெயரா, வயலினின் பெயரா?

'ஸ்ட்ராடிவாரியஸ் செய்த வயலின்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 'ஒரு ஸ்ட்ராடிவாரியஸ் ஏலம் போனது' என்று எழுதுகிறவர்களும் உண்டு. முதல் வாக்கியத்தில் அது ஆளின் பெயர், இரண்டாவதில் கருவியின் பெயர். எது சரி என்று கேட்டால், இரண்டாவதுதான் இன்றைய வழக்கு. ஆளைச் சொல்லும்போது ஸ்ட்ராடிவாரி, அவர் கையால் ஆன கருவியைச் சொல்லும்போது ஸ்ட்ராடிவாரியஸ். சுருக்கமாக 'ஸ்ட்ராட்' என்றும் வயலின் வாசிப்பவர்கள் சொல்வார்கள்.

முழுப்பெயர் ஆன்டோனியோ ஸ்ட்ராடிவாரி. ஊர், வட இத்தாலியின் கிரெமோனா. அந்த 'யஸ்' எங்கிருந்து வந்து ஒட்டியது? வயலினுக்குள் இருக்கும் ஒரு துண்டுக் காகிதத்திலிருந்து. மேல்பலகையில் எஃப் வடிவத்தில் வெட்டியிருக்கும் துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால், பின்பலகையில் ஒட்டிய சீட்டு தெரியும். அதில் லத்தீனில் 'அன்டோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாத் அன்னோ' என்று அச்சிட்டு, ஆண்டை மட்டும் கையால் நிரப்பியிருப்பார். அவர் வாழ்ந்த 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படித்தவர்களும் கைவினைஞர்களும் தங்கள் பெயரை லத்தீன் உருவில் எழுதிக்கொள்வது வழக்கம். வீட்டில் அவர் ஆன்டோனியோ, சீட்டில் அன்டோனியுஸ். உலகம் அவரைத் தெரிந்துகொண்டது சீட்டின் மூலம் என்பதால், லத்தீன் உருவம் கருவிக்கே நிலைத்துவிட்டது.

அந்தச் சீட்டில் எனக்கு மிகவும் பிடித்த சொல் 'ஃபாசியேபாத்'. 'செய்தார்' என்று முடித்துச் சொல்ல லத்தீனில் 'ஃபேசித்' என்ற சொல் இருக்கிறது. ஃபாசியேபாத் என்றால் 'செய்துகொண்டிருந்தார்'. பழைய ரோமானிய அறிஞர் பிளினி இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: பெரிய கலைஞர்கள் தங்கள் வேலையில் இந்த முடிவுறாத வினையை எழுதிவைத்தார்கள், வேலை இன்னும் முடியவில்லை, திருத்த இடமுண்டு என்ற பணிவு அதில் இருக்கிறது என்று. ஸ்ட்ராடிவாரி மட்டுமல்ல, கிரெமோனாவின் மற்றவர்களும் இந்தச் சொல்லைப் போட்டார்கள். ஆகவே அது பணிவா, வெறும் வழக்கமா என்பது வேறு கதை. ஆனால் அவர் விஷயத்தில் அந்த வினைச்சொல் பொருந்தத்தான் செய்கிறது. 1690களில் வயலினின் உடலை நீட்டிப் பார்த்தார். 1690களின் கடைசியில் அதை விட்டுவிட்டு மீண்டும் குறுகிய அளவுக்கு வந்தார். 1700 முதல் 1725 வரையான காலத்தைத்தான் அவருடைய பொற்காலம் என்கிறார்கள். கடைசிக் காலச் சீட்டுகள் சிலவற்றில் வயதையும் சேர்த்து எழுதினார். 1736ஆம் ஆண்டு வயலின் ஒன்றில் 'வயது 92' என்று இருக்கிறது. பிறந்த ஆண்டு 1644 என்று நாம் கணக்குப் போடுவதே இந்தச் சீட்டுகளை வைத்துத்தான். 1737 டிசம்பரில் இறந்தார். சுமார் 650 கருவிகள் இன்று மிஞ்சியிருக்கின்றன, அவற்றில் பெரும்பங்கு வயலின்.

சரி, செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆவதைத் தமிழில் என்ன சொல்வது? இதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. ஆகுபெயர்களை வகைப்படுத்தும் நன்னூல் சூத்திரத்தில் 'கருத்தன்' என்று ஒரு வகை வருகிறது. பள்ளியில் கருத்தாவாகுபெயர் என்று படித்தது அதுதான். 'வள்ளுவரைப் படித்தேன்' என்றால் வள்ளுவர் எழுதிய நூலைப் படித்தேன் என்று பொருள். 'அவர் ஸ்ட்ராடிவாரியஸ் வாசிக்கிறார்' என்பதும் அச்சு அசலாக அதே. அதனால் இந்தச் சொல்லை மொழிபெயர்க்க முயல்வது வீண்வேலை. பெயரைப் பெயராகவே விடலாம். அதே ஊரில் அதே தெருக்களில் வாழ்ந்த குவார்னேரி, அமாட்டி குடும்பங்களின் பெயர்களும் இப்படித்தான் கருவிகளுக்கு ஆகிவந்தன.

ஒரு திருத்தம் மட்டும் அவசியம். ஸ்ட்ராடிவாரியஸ் என்றாலே வயலின் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் வியோலா, செல்லோ, கிதார் எல்லாம் செய்திருக்கிறார். ஆகவே 'ஸ்ட்ராடிவாரியஸ் செல்லோ' என்பது பிழையில்லை. அப்புறம், சீட்டை நம்பவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் வயலின்களைச் செய்து, உள்ளே இதே லத்தீன் வாசகத்தை அச்சிட்டு ஒட்டி விற்றன. 'இந்த மாதிரியைப் பின்பற்றியது' என்பதற்கு மேல் அங்கே அதற்குப் பொருள் இல்லை. வீட்டுப் பரணில் கிடைத்த பழைய வயலினில் அந்தப் பெயரைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவர்கள் பலர், பாவம்.

இந்தப் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இன்னொரு பொருள் 'ரகசியம்'. மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் மரம், பின்பலகைக்கு மேப்பிள். குளிர் மிகுந்த காலத்தில் மெதுவாக வளர்ந்த மரம் என்பதால்தான் அந்த நாதம் என்று ஒரு வாதம் உண்டு. மரத்தை ரசாயனத்தில் ஊறவைத்தார் என்று ஒரு வாதம். வார்னிஷில்தான் எல்லாமே என்று ஒரு வாதம். 2009இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஐந்து கருவிகளின் வார்னிஷைச் சோதித்தபோது கிடைத்தது எண்ணெய், பைன் பிசின், கொஞ்சம் நிறமி. அந்தக் கால ஓவியர்களும் தச்சர்களும் கையாண்ட சரக்குதான்.

அதைவிடச் சுவையானது 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த சோதனை. மங்கலான வெளிச்சமுள்ள ஓட்டல் அறை, கண்ணை மறைக்கும் கண்ணாடி, மரத்தின் பழைய வாசனை தெரியாதிருக்க முகவாய்ப் பலகையில் கொஞ்சம் வாசனைத் திரவியம். தேர்ந்த வயலின் கலைஞர்கள் 21 பேர் ஆறு வயலின்களை வாசித்துப் பார்த்தார்கள். மூன்று புதியவை, மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவார்னேரி. பலருக்கும் பிடித்தது ஒரு புது வயலின், கடைசி இடம் ஒரு ஸ்ட்ராடிவாரியஸுக்கு. இதை வைத்து அவர் சாதாரணம் என்று சொல்லிவிட முடியாது. புதிதாகச் செய்கிறவர்கள் அவர் அளவையும் வளைவையும் பார்த்துத்தானே கற்றார்கள்? கூடவே, இன்று நாம் கேட்பது அவர் விட்டுச்சென்ற கருவியும் அல்ல. ஏறக்குறைய எல்லாவற்றிலும் பின்னாளில் கழுத்தை மாற்றி நீளமாக்கிச் சாய்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தாங்கு கட்டையையும் பெரிதாக்கியிருக்கிறார்கள். அவர் பூட்டியது ஆட்டுக்குடலில் முறுக்கிய நரம்பு, இன்று பூட்டுவது பெரும்பாலும் உலோகமோ செயற்கை இழையோ.

இனி அவர் செய்த தொழிலின் பெயருக்கு வருவோம். தமிழாக்கம் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். வயலின், கிதார் போன்றவற்றைச் செய்கிறவரை 'லூத்தியர்' என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல். 'லூத்' என்ற பழைய மீட்டுகருவியைச் செய்தவர் என்பது முதற்பொருள். இத்தாலியனில் 'லியுத்தாயோ', அதுவும் அதே வேர். லூத் என்பது அரபியின் 'அல்-ஊத்' ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது தேய்ந்த உருவம். 'அல்' என்பது அரபியில் பெயருக்கு முன்னால் வரும் சுட்டு. அதன் அகரம் உதிர்ந்து, லகரம் மட்டும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டது. ஊத் என்றால் மரம், மரக்கட்டை. மரத்தின் பெயர் கருவிக்கு ஆகி, கருவியின் பெயரிலிருந்து தொழிலின் பெயர் பிறந்திருக்கிறது. லூத் வழக்கொழிந்து வயலின் வந்த பிறகும் தொழிலின் பெயர் மாறவில்லை. லூத்தியர் என்று சொல்லிக்கொள்ளும் பலர் வாழ்நாளில் ஒரு லூத்தைக்கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

'இசைக்கருவி செய்பவர்' என்றால் மத்தளம் செய்கிறவரும் புல்லாங்குழல் செய்கிறவரும் அதில் வந்துவிடுவார்கள். 'வயலின் செய்பவர்' என்றால் கிதார் வெளியே போய்விடும். 'நரம்புக்கருவி செய்பவர்' என்பது பொருளில் குறையில்லாதது. தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்ற நம் பழைய பகுப்போடும் சேர்கிறது. குடல் நரம்பு பூட்டிய காலத்தைப் பேசும்போது எழுத்துக்கு எழுத்து உண்மையும்கூட. கட்டுரையில் ஒருமுறை விளக்கிச் சொல்ல இது போதும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் எழுத நீளம்.

என் தேர்வு 'யாழ்த்தச்சர்'. யாழ் இன்று மேடையில் இல்லை. ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும்தான் இருக்கிறது. லூத்தின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான், இருந்தும் லூத்தியர் என்ற சொல் தாங்குகிறது. தச்சர் என்பதில் மரம் வந்துவிடுகிறது, ஊத் என்பதும் மரம்தான். ஆட்சேபம் ஒன்று வரும்: யாழ் ஹார்ப் வகை, தோல் போர்த்த பத்தர், அதாவது ஒலிப்பெட்டி, உடையது, வயலினோடு அதற்கு என்ன உறவு? லூத்துக்கும் வயலினுக்கும் உள்ள தூரமும் சின்னதல்ல, ஒன்று மீட்டுவது, மற்றது வில்லால் இழைப்பது. தவிர, ஸ்ட்ராடிவாரியே ஒரு சிறிய ஹார்ப் செய்திருக்கிறார், 1681இல். நேப்பிள்ஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கடைசியாக எழுத்து. இத்தாலியர் நாக்கில் இந்தப் பெயர் 'ஸ்த்ராதிவாரி', பல்லில் நாக்கு படும் தகரம்தான். ஆங்கிலத்துக்குத் தகரம், டகரம் என்று பிரித்து எழுத வழியில்லை, நமக்கு உண்டு. ஆனாலும் ஆங்கிலம் வழியாக வந்த ஸ்ட்ராடிவாரிதான் பழகிவிட்டது, நானும் அதையே எழுதியிருக்கிறேன். கிரந்தம் வேண்டாதவர்கள் 'இசுத்திராதிவாரி' என்று எழுதினால், கொஞ்சம் நீண்டாலும், தகரத்தைப் பொறுத்தவரை அவர்கள்தான் கிரெமோனாவுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.