‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் உடனே சரி கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒருவர் மெமரி கார்டைக் கைக்குட்டையில் பொதிந்து கடைக்கு எடுத்து வந்தார். 64 ஜிபி கார்டு, மகளின் காதுகுத்துப் படங்கள் முழுக்க அதில்தான். கேமராவில் நன்றாகத் தெரிந்த படங்கள்தான். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் போட்டதும் ஃபார்மேட் செய்ய, அதாவது கார்டைக் காலியாக்கிப் புதிதாக அமைக்க, சொல்லியிருக்கிறது. கார்டு கெட்டுவிட்டது போல என்று நினைத்துச் சரி கொடுத்துவிட்டார்.

உண்மையில் கார்டில் எந்தக் குறையும் இல்லை. கார்டில் ஃபைல்களை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. 4 முதல் 32 ஜிபி வரையுள்ள எஸ்டி கார்டுகள் ஃபேட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையிலும் வருகின்றன. எக்ஸ்ஃபேட் 2006-ல்தான் வந்தது. பழைய கார்டு ரீடருக்கோ பழைய விண்டோஸுக்கோ அதைப் படிக்கத் தெரியாமல் போகலாம். படிக்கத் தெரியாததைத்தான் அது ‘ஃபார்மேட் செய்’ என்று சொல்கிறது. அந்த நேரத்தில் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு கார்டைத் திரும்பக் கேமராவில் போட்டுப் பாருங்கள். படம் தெரிந்தால் புதிய கம்ப்யூட்டர் ஒன்றில் முதலில் காப்பி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அவர் செய்தது ‘குயிக் ஃபார்மேட்’. புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்தது போல, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் போகும். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை படங்கள் அப்படியே கிடக்கும். நல்ல வேளை, அதன்பிறகு அவர் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் படங்கள் ஏறக்குறைய எல்லாமே கிடைத்தன. வீடியோக்களில் சில கிடைக்கவில்லை. பெரிய ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால், குறிப்பு இல்லாமல் அவற்றைக் கோப்பது கடினம். ‘குயிக்’ டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்திருந்தால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ், அப்படிச் செய்யும்போது கார்டு முழுவதும் பூஜ்ஜியங்களை எழுதிவிடுகிறது.

சரி, ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்றால் எந்த முறை? பழைய கார் ஸ்டீரியோ, டிவி என்றால் ஃபேட்32 போதும். ஆனால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியை எட்ட முடியாது. நீளமான வீடியோ எடுப்பவர்களுக்கு எக்ஸ்ஃபேட்தான் சரி. விண்டோஸ் கம்ப்யூட்டர்களின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் என்டிஎஃப்எஸ் முறை கேமராவுக்கு வேண்டாம், பெரும்பாலான கேமராக்கள் அதை ஏற்பதில்லை. காப்பி எடுத்து முடித்ததும், எந்தக் கேமராவில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதிலேயே ஃபார்மேட் செய்துவிடுங்கள். தனக்கு வேண்டிய முறையையும் ஃபோல்டர்களையும் அதுவே அமைத்துக்கொள்ளும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டுமே எழுதும்போது பாதியில் நின்றால் எளிதில் குழம்பிவிடும். அதனால் கேமராவை அணைத்துவிட்டே கார்டை உருவுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் இன்னும் கவனம் வேண்டும். சில போன்கள் கார்டைப் போட்டதும் அதைப் போனின் உள் சேமிப்பாக மாற்றட்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால், இருப்பதை அழித்து, என்கிரிப்ட் செய்து (மற்றவர் படிக்க முடியாதபடி குறியீடாக மாற்றி), அந்தப் போனுக்கு மட்டுமே திறக்கும்படி கார்டைப் பூட்டிவிடும். நாளை போன் தண்ணீரில் விழுந்து செத்துப்போனால், கார்டு பத்திரமாகக் கையில் இருந்தும் படத்தை எடுக்க வழியில்லை. இப்படி வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து, கார்டை எடுத்து வேறு கருவியிலும் போட்டுக்கொள்ள விடும் ‘போர்ட்டபிள்’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.