ஈட்டர் பிளக்: தமிழில் கனல்செருகி

குளிர்ந்து கிடக்கும் டீசல் எஞ்சினைக் கிளப்ப உதவும் சிறு சூடேற்றிக்குச் சேலத்துப் பட்டறைகளில் பெயர் ‘ஈட்டர் பிளக்’. ஹீட்டரின் முதல் எழுத்து வழக்கில் தேய்ந்துவிட்டது. அவசரத்தில் வெறும் ‘ஈட்டர்’. “ஈட்டர் போட்டு அடிச்சீங்களா?” என்று கேட்டால், சாவியைப் பாதி திருப்பி, சுருள்கம்பிப் படம் போட்ட விளக்கு அணையும்வரை பொறுத்து, அதற்கப்புறம் செல்ஃப் அடித்தீர்களா என்று பொருள். காரோடு வரும் கையேட்டில் இதுவே குளோ பிளக். இரண்டில் பட்டறைச் சொல்தான் உண்மைக்குக் கிட்டே நிற்கிறது என்பது என் கட்சி.

இந்தச் சொல் எனக்கு ஒழுங்காகப் புரிந்தது போன மார்கழியில், ஏற்காட்டில். கீழே சேலத்தில் ஒரு நாள்கூட மக்கர் செய்யாத டீசல் கார், மேலே ஓர் இரவு பனியில் நின்றதும் காலை ஆறரைக்குக் கிளம்ப மறுத்தது. தங்கியிருந்த இடத்தில் ஆளுக்கொரு வைத்தியம். பேட்டரி போச்சு என்றார் ஒருவர். குளிரில் டீசல் உறைந்துவிட்டது என்றார் இன்னொருவர். வளைவில் உருட்டிவிட்டு கியர் போடலாம் என்று மூன்றாமவர். எஞ்சின் ஓடாமல் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாய் இறுகும் வண்டியை, இருபது கொண்டைஊசி வளைவுள்ள சாலையில் உருட்டச் சொல்பவரை என்ன செய்வது? சேலத்தில் குரங்குச்சாவடிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

“செல்ஃப் வேகமா சுத்துதுங்களா?”

“சுத்துதுங்கண்ணா.”

“புகை?”

“வெள்ளையா வருது. கண்ணு எரியுது.”

“அப்ப டீசல் உள்ள போயிருச்சுங்க. பத்த வைக்கத்தான் ஆளில்ல. ஈட்டர் ஒண்ணு ரெண்டு போயிருக்கும். செல்ஃப் அடிக்காம மூணு தடவ ஈட்டர் மட்டும் போட்டு விடுங்க. இல்லாட்டி ஒரு டீ குடிச்சுட்டு வெயில் வரட்டும்னு இருங்க.”

‘பத்த வைக்க ஆளில்லை’ என்பதைவிடச் சுருக்கமாக இந்த உறுப்பின் வேலையைச் சொல்ல முடியாது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு. டீசலில் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1890களில் ஜெர்மனியில் செய்து காட்டியதன் சாரமே அதுதான்: காற்றை மட்டும் உருளைக்குள் (சிலிண்டருக்குள்) பதினாறு, பதினேழு மடங்கு நெருக்கினால் அந்த நெரிசலிலேயே அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறும், அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். (டீசல் என்பதே ஆள் பெயர். தமிழில் எண்ணெய்க்குப் பெயராகிவிட்டது.) சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. ஆனால் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது நெருக்குண்ட காற்றின் சூட்டைச் சுற்றியுள்ள இரும்பு உறிஞ்சிவிடும். எண்ணெய் பற்றாமல் ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெள்ளையாய் வெளியேறும். அந்தச் சூட்டுக் குறையை ஈடுகட்டத்தான் உருளைக்கு ஒன்றாய் ஈட்டர் பிளக். பேனா பருமனில் ஒரு கம்பி, நுனி எரியறைக்குள் நீட்டியிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் நுனி சில வினாடிகளில் எண்ணூறு, ஆயிரம் டிகிரிக்குப் போகும்.

அப்படியானால் சேலத்தில் அதே கார் எப்படிக் கிளம்பியது? இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்கள் (எல்லா உருளைக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக்குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) இதமான ஊரில் ஈட்டர் உதவி இல்லாமலேயே கிளம்பிவிடும். சேலத்தில் மார்கழி விடியலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நான்கு ஈட்டரில் இரண்டு செத்துப்போயிருந்தாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. ஏற்காடு கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே. குளிர் ஒரு பக்கம். காற்றழுத்தமும் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்குபோலக் குறைவு, ஆகவே நெருக்குவதற்குக் காற்றே கொஞ்சம் குறைச்சல். கீழே மறைந்திருந்த நோய் மலையேறியதும் வெளியே வருகிறது. டீசல் உறைவதெல்லாம் லடாக் சமாச்சாரம். அங்கே அதற்கென்றே தனிக் குளிர்கால டீசல் 2019 முதல் விற்கிறார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு அந்தப் பெருமை தேவையில்லை.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கிலக் குளோ பழைய சொல். அதன் ஆதிப்பொருள் வெறும் ஒளி வீசுவதல்ல, நெருப்பில் கிடந்த இரும்புபோலச் சிவப்பது. இதே வேரில் பிறந்த ஜெர்மன் சொல் க்ளூயென். நம் கொல்லுப்பட்டறைத் தமிழில் சொன்னால் ‘பழுக்கக் காய்தல்’. ஜெர்மானியர் இந்த உறுப்பை க்ளூகெர்ட்ஸே என்கிறார்கள்: பழுத்த மெழுகுவத்தி. பிரெஞ்சில் இதைச் சூடேற்றும் பூஜி என்பார்கள். பூஜி என்றாலும் மெழுகுவத்திதான். அந்தச் சொல் அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கிருந்து ஒரு காலத்தில் மெழுகு ஏற்றுமதியானது, ஊர்ப்பெயர் வத்திக்கு ஒட்டிக்கொண்டது. பிளக் என்பது டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பீப்பாயின் ஓட்டையை அடைக்கும் முளைக்கட்டை, சுவரில் செருகும் மின்பிளக் எல்லாம் பின்னால்.

தமிழில் என்ன சொல்வது? நேராகப் பெயர்த்து ‘ஒளிர்செருகி’ என்று எழுதலாம்தான். எனக்கு ஒப்பவில்லை. எஞ்சினின் இருட்டறைக்குள் அது ஒளிர்ந்து யாருக்கு வழிகாட்டப் போகிறது? அங்கே வேண்டியது வெளிச்சம் அல்ல, சூடு. ‘வெப்பச்செருகி’ தப்பில்லை, ஆனால் வெந்நீர்ப் போசிக்குள் போடும் ராடும் வெப்பச்செருகிதானே. இஸ்திரிப் பெட்டிக்குள் கங்கு என்ன செய்கிறது? தழல் எழும்பி எரிவதில்லை, சும்மாவும் கிடப்பதில்லை. கனல்கிறது. அந்த வினை நம்மிடம் இருக்கிறது. கோபத்துக்கும் அதையே சொல்கிறோம், கனன்று நின்றான் என்று. ஸ்பார்க் பிளக்கைப் பொறிச்செருகி என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். அதன் பக்கத்தில் கனல்செருகியை வைத்தால் ஜோடி பொருந்துகிறது. ஒன்று பொறி விடும், மற்றது கனலும்.

‘கனற்செருகி’ என்றல்லவா புணர வேண்டும் என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்பார்கள். கனலைப் பெயராகக் கொண்டால் அப்படித்தான், கடற்கரை போல. நான் அதை வினையாகக் கொள்கிறேன். கனன்ற, கனல்கின்ற, கனலும் செருகி. வினைத்தொகை. கொல்களிறு கொற்களிறு ஆகாததுபோல இதுவும் இயல்பாகவே நிற்கும். திருகித்தான் மாட்டுகிறோம், செருகவில்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பொறிச்செருகியும் மரையில் திருகுவதுதான்.

நோயறிய முதலில் புகையைப் பாருங்கள். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி, அல்லது அதன் முனைகளில் பூத்த உப்பு. நன்றாகச் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை: இரவில் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இஞ்ஜெக்டர் கசிந்து ரெயிலில் அழுத்தம் சேராமல் இருக்கலாம். நன்றாகச் சுற்றி வெள்ளைப் புகையும் வந்தால் கனல்செருகியை, அதற்கு மின்சாரம் தரும் ரிலேயை, ஃபியூஸைப் பாருங்கள். மல்டிமீட்டரில் நல்ல செருகி ஓர் ஓமை ஒட்டிக் காட்டும். செத்தது முடிவிலி. பொறுமையில்லாமல் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைக் காற்றுக்குழாயில் அடிக்காதீர்கள். பழுத்த நுனிமேல் ஈதர் பட்டால் நேரம் கெட்டு வெடித்து எஞ்சினை உடைத்துவிடும்.

என் வண்டி ஒன்பதரை வெயிலில் ஒருவழியாகக் கிளம்பி, அரை நிமிடம் நொண்டி, பிறகு ஒழுங்காக ஓடியது. மறுநாள் பட்டறையில் எஞ்சினைச் சூடாக்கிய பிறகுதான் மெக்கானிக் நான்கையும் கழற்றினார். ஆறிய எஞ்சினில் முரட்டுத்தனமாகத் திருகினால் செருகி எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளேயே முறிந்துகொள்ளும், அப்புறம் செலவு பத்து மடங்கு. இரண்டு செத்திருந்தன. மீதி இரண்டை ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரில் பிடித்து பேட்டரியில் தொட்டுக் காட்டினார். என்னுடையது பன்னிரண்டு வோல்ட் ரகம். நான்கு, ஏழு வோல்ட்டில் ஓடும் புதுவகைச் செருகியை இப்படித் தொட்டால் கருகிவிடும். நுனி முதலில் கறுப்பாகவே இருந்தது. பிறகு மங்கலாய்ச் சிவந்து, செக்கச்செவேலென்று ஆனது.

“பழுத்துருச்சு பாருங்க,” என்றார் மெக்கானிக்.