4,500 லிட்டர் எத்தனை நிமிடம் வரும்?

"தண்ணியே இல்லாம எதுக்கு சார் வந்தீங்க?"

சென்னையின் தென்மேற்கு ஓரத்தில், மனைக்கற்களும் நெல்வயலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் பகுதி அது. அங்கே ஒரு சின்னத் தீயணைப்பு நிலையத்தில் நான் நிலைய அலுவலராக இருந்த காலத்தில், இந்தக் கேள்வி காதில் விழாத கோடையே இல்லை. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வைக்கோல் போர் எரிகிறது, சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது, பத்து நிமிடம் பீய்ச்சுகிறது, அப்புறம் ஹோஸ் தொய்ந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு நாங்கள் அரைத் தொட்டியோடு கிளம்பி வந்தது போலத்தான் தெரியும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாட்டர் டெண்டர், அதாவது தொட்டியும் பம்பும் உள்ள தீயணைப்பு வண்டி. தொட்டி 4,500 லிட்டர். பம்ப் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும். அப்படித் திறந்துவிட்டால் இரண்டே நிமிடத்தில் கதை முடிந்தது. அதனால் ஒரு பிராஞ்சில், அதாவது ஹோஸின் நுனியில் கையில் பிடிக்கும் பீய்ச்சுக் குழலில், நிமிடத்துக்கு 450 லிட்டர் என்று அடக்கி விடுவோம். அப்போது பத்து நிமிடம் வரும், இரண்டு பிராஞ்ச் பிடித்தால் ஐந்து. முதல் சொட்டு விழும்போதே நான் அடுத்த தண்ணீருக்குக் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பேன். நகரத்துக்குள் என்றால் பின்னாலேயே இன்னொரு வண்டி வந்துவிடும். எங்கள் பக்கம் அடுத்த நிலையத்து வண்டி வர அரை மணி நேரமாவது ஆகும்.

பெரிய தொட்டியாக வைக்கக் கூடாதா என்பார்கள். 4,500 லிட்டர் என்றாலே தண்ணீர் மட்டும் நாலரை டன். அதோடு ஏரிக்கரையில் ஏற வேண்டும், வாய்க்கால் பாலத்தைத் தாண்ட வேண்டும். மழைக்கு மறுநாள் மண்பாதையில் இறக்கி, சக்கரம் புதைந்து, ஜேசிபி வைத்து இழுத்த அனுபவமும் எனக்கு உண்டு. இழுத்துவிட்டவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"எதுத்தாப்புலயே கிணறு இருக்கே, இழுக்க வேண்டியதுதானே?" என்பது அடுத்த கேள்வி. பம்ப் இழுக்கிறது என்று சொல்கிறோமே தவிர, குழாய்க்குள் இருக்கும் காற்றை அது வெளியேற்ற, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி 10.3 மீட்டர், உரசலும் கசிவும் போகக் கைக்கு வருவது ஏழு மீட்டர், அதாவது 23 அடி. சித்திரையில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் 40 அடிக்குக் கீழே கிடக்கும். இன்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளே வறண்டுபோனபோது, கிட்டே இருந்த குட்டைகளில் சக்‌ஷன் ஹோஸை இறக்கினால் அதன் நுனியில் இருக்கும் சல்லடையான ஸ்ட்ரெய்னர் சேற்றில்தான் உட்கார்ந்தது.

எங்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் பம்புசெட் தொட்டிகள்தான். ஊரில் தீ என்று தெரிந்ததும் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பி வைத்தால், நாங்கள் வந்து சேர்வதற்குள் சில ஆயிரம் லிட்டர் தயார். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். தீ என்றதும் யாராவது ஓடிப்போய் டிரான்ஸ்பார்மரையே நிறுத்திவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் மோட்டாரும் சேர்ந்து நின்றுவிடும். எரிகிற வீட்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தினால் போதும். அதையும் லைன்மேன் செய்யட்டும், தெரியாதவர்கள் கம்பத்தில் கை வைக்க வேண்டாம்.

வைக்கோல் போர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காதபடி வேய்ந்த போர், எங்கள் தண்ணீரை மட்டும் உள்ளே விடுமா? மேலோடு வழிந்துவிடும். உள்ளே கங்கு அப்படியே கனன்றுகொண்டிருக்கும். நீளக் கொக்கியாலோ ஜேசிபியாலோ பிரித்துப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நனைக்க வேண்டும். அதற்கு ராத்திரி முழுக்க ஆகும். அதனால் வந்ததும் முதலில் பக்கத்துக் கூரைகளை நனைப்போம். "எரியறத உட்டுட்டு எரியாததுக்கு ஊத்துறாங்க" என்று வசவு விழும். வாங்கிக்கொள்வோம். போர் போனால் மாட்டுத் தீவனம் போகும், கூரை பிடித்தால் தெருவே போகும்.

இந்தத் தீயில் பாதி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் தாழ்ந்த மின்கம்பியில் உரசி வருவது. பாரத்தை ஓர் அடி குறைத்துக் கட்டினால் எங்களுக்கு வேலையே இல்லை.

வண்டியில் தண்ணீரைப் போலவே அளந்து செலவழிக்கும் இன்னொரு பொருள், புகைக்குள் போகும்போது நாங்கள் மாட்டிக்கொள்ளும் சுவாசக் கருவியின் காற்று. ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 1,800 லிட்டர். உழைக்கிற ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம், மூச்சு வாங்கினால் இன்னும் குறையும். காற்று தீரப்போகும்போது கருவியே விசில் ஊதும், அதற்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது. டீசல் இன்ஜின் இறக்கிய கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகிற அண்ணன் தம்பிக்கும் அதே கதிதான். "மெழுகுவத்தி எறக்கிப் பாத்தோம் சார், அணையல" என்பார்கள். ஆக்ஸிஜன் குறைந்தால்தான் அது அணையும், நச்சுக்காற்று இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. யாரும் இறங்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள்.

101-க்கோ 112-க்கோ கூப்பிடும்போது "பாரதி நகர், சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டால், எங்கள் எல்லைக்குள் இருக்கும் எல்லா பாரதி நகரையும் சுற்ற வேண்டியதுதான். ஊர் பெயர், கோயிலோ ரேஷன் கடையோ ஓர் அடையாளம், எது எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். மெயின் ரோட்டில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள். ஆடி மாசத்தில் கூழ் ஊற்றப் போட்ட பந்தல் தெருவை அடைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வேறு வழியாக வந்துவிடுவோம்.

நிலையத்தில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தோம். கோடையிலும் தண்ணீர் நிற்கும் குளம், கல்குவாரிப் பள்ளம், பம்புசெட் தொட்டி, உரிமையாளரின் போன் நம்பர், வண்டி எவ்வளவு கிட்டே போகும் என்று எல்லாம் அதில் இருக்கும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயில் உயிர்விட்ட வீரர்களின் நினைவாக வருஷா வருஷம் தீத்தொண்டு வாரம் நடக்கும். பள்ளிகளில் செய்முறை காட்டிவிட்டு, அந்த வாரத்திலேயே ஊர் ஊராகப் போய் நோட்டைத் திருத்துவோம். கிணற்றை மூடி மனை போட்டிருப்பார்கள், ஒரு வரியை அடிப்போம். அந்த இடத்தில் அப்பார்ட்மெண்ட் வந்திருந்தால் அதன் சம்ப் எத்தனை லிட்டர், மூடி எந்தப் பக்கம், சாவி வாட்ச்மேனிடமா செயலாளரிடமா என்று எழுதிக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து இறங்கினால் நாங்கள் முதலில் கேட்பது அந்தச் சாவியைத்தான்.