குழாய் எப்போது இரசாயனம் ஆகிறது?

வன்னியில் இரசாயனம் என்றால் வயலுக்கு அடிக்கும் மருந்துதான் நினைவுக்கு வரும். மூத்தவர்களுக்கு, ஆனையிறவு உப்பிலிருந்து குளோரின் எடுத்த பரந்தன் தொழிற்சாலையும் வரும். கிளிநொச்சி ஒட்டுக் கடையில் (வெல்டிங் கடையில்) சாத்தி வைத்திருக்கும் ஜீ.ஐ. பைப், அதாவது நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புக் குழாய், யாருக்கும் நினைவுக்கு வராது.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1983இல் கொண்டுவந்த ஆபத்து அறிவிப்பு விதிப்படி, ஆபத்தான இரசாயனத்தை விற்பவர் லேபிளோடு, அதன் ஆபத்தையும் தற்காப்பையும் விவரிக்கும் பாதுகாப்புத் தரவுத் தாளும் தர வேண்டும். இன்று அந்தத் தாளுக்குப் 16 பிரிவுகள். கதிரைக்கும் கதவுக்கும்கூடத் தாள் கேட்டால் வியாபாரம் நடக்காது. ஆகவே செய்பொருட்களுக்கு விலக்கு உண்டு. அவை திரவமாகவோ துகளாகவோ இருக்கக் கூடாது. உற்பத்தியில் பெற்ற வடிவத்தாலேயே பயன்பட வேண்டும். வழக்கமான பாவனையில் மிகச் சொற்ப அளவுக்கு மேல் ஆபத்தான எதையும் வெளியிடக் கூடாது, தொழிலாளியின் உடலுக்கும் கேடு செய்யக் கூடாது.

கெட்டிக்காரத்தனம் 'வழக்கமான பாவனை' என்பதில் இருக்கிறது. கிணற்று மோட்டாருக்கு மரை போட்டுப் பூட்டும் ஜீ.ஐ. பைப்புக்கு விலக்கு உண்டு. ஒட்டி கேற் செய்வதற்கென்றே விற்றால் அதே பைப்புக்கு விலக்கு இல்லை. காரணம் வெப்பநிலை. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். மேலே பூசிய நாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நாக ஒட்சைட்டாகிறது. ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை அதுதான்.

அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரும்; வாயில் உலோகச் சுவை தட்டும். ஓரிரு நாளில் தானாகவே தணிந்துவிடும். இதைப் பார்த்து மலேரியா என்று நினைக்கத் தோன்றும்; இலங்கையில் அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்துவிட்டது. ஆனால் டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கின்றன. எனவே மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அன்றைக்கு எதை ஒட்டினோம் என்பதைத்தான்.

ஒட்டும் கம்பிக்கும் அங்கே விலக்கு இல்லை. புகையாவதே அதன் பாவனை. உழவு இயந்திரத்தின் ஈய அமில பற்றறியும் அப்படியே, அமிலம் கசியக்கூடும்.

அமெரிக்கச் சட்டம் கிளிநொச்சிக் கடையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பல உற்பத்தியாளர்கள் இந்தத் தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நேரமில்லாதவர் எட்டாம் பிரிவை மட்டுமாவது பார்க்கலாம்: காற்றோட்டம், முகமூடி எல்லாம் அதில்தான். ஒட்டும் இடத்து நாகத்தை முகமூடி போட்டுக்கொண்டு முன்கூட்டியே தேய்த்து எடுத்துவிட்டால் புகை வெகுவாகக் குறையும். வேலை முடிந்ததும் அந்த இடத்துக்கு நாகப் பெயின்ற் அடிப்பார்கள். அதற்கு விலக்குப் பேச்சே எழாது, அது திரவம்.