1911 எப்படி 1921 ஆகிறது? அரிய நாணயங்களில் நடக்கும் திருத்தங்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காலை வேளையில் விரிக்கப்படும் பழம்பொருள்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, திரிசூலத்தை ஊன்றி நிற்கும் பிரித்தானியா உருவம் பொறித்த பெரிய வெள்ளி டாலர் புதியதாக இருக்காது. 1895 முதல் 1935 வரை அச்சடிக்கப்பட்ட அந்த பிரிட்டிஷ் வணிக டாலரின் பெரும்பகுதி பம்பாய் நாணயச்சாலையில் உருவாகி, கீழ்த்திசைத் துறைமுகங்களில் கைமாறியது. மறுபக்கத்தில் அதன் மதிப்பு சீன எழுத்திலும் ஜாவி எனப்படும் அரபு வரிவடிவ மலாய் எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கும். 1911ஆம் ஆண்டுக்குரிய நாணயம் பல மில்லியன் எண்ணிக்கையில் அச்சானதால் எளிதாகக் கிடைக்கிறது. 1921ஆம் ஆண்டுக்கு அச்சானவையோ ஏறத்தாழ 50,000 மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஓர் அரிசிமணியை விடச் சிறிய ஓர் இலக்கம்தான். மோசடி செய்பவரின் உளி இறங்கும் இடமும் அதுவே.

போலி நாணயம் வேறு, திருத்தப்பட்ட நாணயம் வேறு. போலி என்பது தொடக்கத்திலிருந்தே பொய்யான பொருள். அதன் எடை, உலோகம், ஓசை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். திருத்தப்பட்ட நாணயமோ நாணயச்சாலையிலிருந்து வந்த உண்மையான நாணயம். தராசில் வைத்தால் உரிய 26.95 கிராமை ஒட்டியே நிற்கும். நீரில் அமிழ்த்தி அடர்த்தியைக் கணக்கிட்டால் 90 விழுக்காடு வெள்ளிக்குரிய 10.3 என்ற அளவே கிடைக்கும். காந்தமும் அதை ஈர்க்காது. உலோகக் கலவையைக் கண்டறியும் ஊடுகதிர் ஒளிர்வுக் கருவி உலோகத்தின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலத்தை மட்டுமே அளக்கிறது என்பதால், இலக்கத்தின் ஓரத்தைக் குறிவைத்து அளக்காதவரை அதுவும் 'வெள்ளிதான்' என்றே சொல்லும். தராசையும் காந்தத்தையும் மட்டும் நம்பி வாங்கும் சேகரிப்பாளர்கள் ஏமாறுவது இதனால்தான் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நாணயம் பிறக்கும் அந்த ஒரு கணத்தைப் புரிந்துகொண்டால் விடை கிடைக்கும். சூடேற்றி மென்மையாக்கப்பட்ட வெள்ளி வில்லை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே வைக்கப்பட்டு, பல டன் அழுத்தத்தில் ஒரே அடியில் நசுக்கப்படுகிறது. அப்போது உலோகம் திட நிலையிலேயே மெழுகைப் போல நகர்ந்து, அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி எழுத்தாகவும் இலக்கமாகவும் உருவமாகவும் நிற்கிறது. எஞ்சியது விளிம்பை நோக்கிப் பாய்கிறது. இலக்கமும் அதைச் சுற்றியுள்ள வெற்றுத்தளமும் ஒரே உலோகத்தின் தொடர்ச்சி. இடையில் எல்லைக்கோடே கிடையாது. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பின் அச்சிலும் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய நுண்கோடுகள் விழுகின்றன, அவை நாணயத்தில் பதிகின்றன. தேயாத நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒளிப்பட்டைகள் சுற்றி ஓடுவது அந்தக் கோடுகளால்தான். பின்னாளில் எவர் கைவைத்தாலும் இந்த ஓட்டம் அந்த இடத்தில் அறுந்துபோகும்.

திருத்தும் முறைகளில் எளியது செதுக்கல். இருக்கும் இலக்கத்தின் ஒரு பகுதியை அகற்றி வேறொன்றாக்குவார்கள். இந்திய நாணயங்களில் 1939ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய் மிக அரியது. 1938இல் உள்ள எட்டின் கீழ்ச்சுழியில் இடப்பக்கத்தை மட்டும் செதுக்கி நீக்கினால் அது ஒன்பதைப் போலாகிவிடும். ஆனால் செதுக்கிய இடத்தில் தழும்பு மிஞ்சும். அதைத் தேய்த்து மறைத்தால் அங்கு மட்டும் ஒளிப்பட்டை ஓடாத ஒரு மங்கல் திட்டு தோன்றும். இரண்டாவது முறையில், சுற்றியுள்ள தளத்திலிருந்தே உலோகத்தைத் தள்ளி இலக்கத்தை எழுப்புவார்கள். அப்போது இலக்கத்தின் அடியைச் சுற்றி ஒரு பள்ளம் விழும்; விளக்கைத் தாழ்வாக வைத்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் நிழல் அதைக் காட்டிவிடும்.

மூன்றாவது முறைதான் நயமானது: வேறொரு நாணயத்திலிருந்து இலக்கத்தையோ, எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் சிறு குறியையோ (நாணயச்சாலைக் குறி) அறுத்தெடுத்து ஒட்டுவது. நண்பர் ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கிய '1921' டாலரை, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பட்டறை வைத்திருக்கும் வயதான பொற்கொல்லர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, நாணயத்தை இரண்டு முறை திருப்பினார். "தம்பி, மத்த மூணு நம்பரும் தரையிலேருந்து முளைச்ச மாதிரி இருக்கு. இந்த ரெண்டு மட்டும் தரைமேல உட்கார்ந்திருக்கு. பற்றாசு ஓடின மஞ்சளைப் பாருங்க" என்றார். பற்றாசு என்பது உலோகத் துண்டுகளை உருக்கி ஒட்டும் கலவை. வெள்ளிப் பற்றாசில் செம்பும் துத்தநாகமும் கலந்திருப்பதால் அது தூய வெள்ளியை விடச் சற்று மஞ்சளாகத் தெரியும். கண்ணாடி வழியே நானும் பார்த்தேன்: இரண்டின் அடியில், மயிரிழை அகலத்தில், ஒரு மஞ்சள் கோடு முழுச் சுற்றாக ஓடியது. பற்றாசுக்குப் பதிலாகப் பசை பயன்படுத்தியிருந்தால் மஞ்சள் தெரியாது. ஆனால் அசிட்டோனில் ஊறவைத்தால் பெரும்பாலான பசைகள் இளகி, ஒட்டிய துண்டு கழன்றுவிடும்.

இத்தகைய கோட்டை மறைக்கத்தான் செயற்கைக் கருமை பூசுகிறார்கள். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்பைடு படலத்தை உண்டாக்குகிறது. அது தடிக்கத் தடிக்க, நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறங்கள் தோன்றும் அதே ஒளியியல் காரணத்தால், மஞ்சள், செந்நீலம், நீலம் என நிறம் மாறி இறுதியில் கறுக்கிறது. இயற்கையில் இது பல்லாண்டுகளில், பெரும்பாலும் விளிம்பிலிருந்து உள்நோக்கி, மெல்லப் படர்கிறது. கந்தகச் சேர்மத்தைத் தடவிச் சூடேற்றினால் சில நிமிடங்களில் வந்துவிடும். முழு நாணயமும் வெளிறியிருக்க, ஆண்டு எண்ணைச் சுற்றி மட்டும் கருமை அப்பியிருந்தால் அந்த இடத்தைத்தான் நெடுநேரம் பார்க்க வேண்டும்.

விளிம்பையும் விட்டுவிடக்கூடாது. 'ரிங்கிட்' என்ற பெயரே பழைய ஸ்பானிய வெள்ளி நாணயங்களின் ரம்பப்பல் விளிம்பைக் குறித்து வந்த சொல். நம் குடும்பங்களில் வெள்ளி, பொற்காசுகளுக்குக் காது வைத்து மாலையாகக் கோத்து அணிந்த வழக்கம் உண்டு; பின்னர் காதை நீக்கி, பள்ளத்தைப் பற்றாசால் நிரப்பி, அரத்தால் பற்களை வெட்டிச் சேகரிப்பு நாணயமாக விற்பவர்களும் உண்டு. அந்த இடத்துப் பற்களின் இடைவெளியும் சாய்வும் மற்றப் பற்களோடு ஒத்துப்போகாது.

சில நேரங்களில் கண்ணை விட வரலாற்றறிவு கூர்மையானது. லிங்கன் உருவம் பொறித்த அமெரிக்காவின் ஒரு சென்ட் நாணயத்தில் 1914ஆம் ஆண்டு டென்வர் நாணயச்சாலை வெளியீடு அரியது. 1944இன் முதல் நான்கைச் செதுக்கி அதை உருவாக்குகிறார்கள். ஆனால் வடிவமைப்பாளரின் 'வி.டி.பி.' என்ற முதலெழுத்துகள் லிங்கனின் தோளில் இடம்பெற்றது 1918இல்தான். தோளில் அவை இருந்தால் அது 1914ஆக இருக்கவே முடியாது. எந்த ஆண்டில் எந்த வடிவம், எந்தக் குறி என்ற அறிவு ஒரு நல்ல நாணயப் பட்டியலைப் படித்தாலே கிடைக்கும்.

ஏமாந்ததாகத் தெரிந்தால் முதலில் செய்யக் கூடாதது, நாணயத்தைத் துடைப்பதும் கழுவுவதும். அது சான்று. இருபக்கமும் விளிம்பும், ஐயத்துக்குரிய இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, பற்றுச்சீட்டோடு விற்றவரை அணுகலாம். அவரும் அறியாமல் வாங்கியவராக இருக்கக்கூடும் என்பதால் முதல் பேச்சு குற்றச்சாட்டாக இல்லாதிருப்பது நல்லது. வணிகராக இருந்தும் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் குற்றவியல் சட்டத்தின் 420ஆம் பிரிவின் கீழ் காவல்துறையில் புகார் செய்யலாம். இதற்கெல்லாம் பற்றுச்சீட்டில் 'பழைய நாணயம் 1' என்றில்லாமல் ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்கும் நேரத்திலேயே இதைக் கேட்டுப் பெறுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் விலையுயர்ந்த நாணயத்தை வாங்க வேண்டாம்.

என் நண்பருக்குப் பாதிப் பணம்தான் திரும்பக் கிடைத்தது. நாணயத்தை மறுபடி விற்றுவிடலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையை அவர் ஏற்கவில்லை. அட்டை உறையில் 'மூன்றாம் இலக்கம் ஒட்டப்பட்டது' என்று மையால் எழுதி, அசலான 1911 டாலர் ஒன்றின் பக்கத்தில் வைத்திருக்கிறார். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் இளைஞர்கள் வந்தால், முதலில் அந்த இரண்டையும் கண்ணாடியோடு கையில் கொடுத்து எது எது என்று கேட்கிறார்.